எண்டேஞ்சர், ஜெப்பர்டைஸ், இம்பெரில், ரிஸ்க்: மனுவில் எதைப் போடுவது?

மலைப்பாதை20 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவ வேண்டும்.

ஏற்காட்டில் எங்கள் ஊருக்கு மேலே சரிவில் ஜேசிபி வைத்து மண்ணை வெட்டுகிறார்கள். தங்கும் விடுதி வரப்போகிறதாம். யார் இடம், எந்த ஊர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். வெட்டுக்கு நேர் கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்து போகும் பாதை. அதற்கும் கீழே ஊருக்குக் குடிதண்ணீர் வரும் ஊற்று. 2024 டிசம்பர் ஆரம்பத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி ஓடாமல் நின்றது நினைவிருக்கும். அதிலிருந்து மழை என்றாலே ஊரில் யாருக்கும் தூக்கமில்லை.

தமிழ் மனுவைத் திங்கள்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீசில் கொடுத்தாகிவிட்டது. அடுத்து சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று பேச்சு. வக்கீல், "நடப்பதை ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். 'ஆபத்துக்கு உள்ளாக்குகிறது' என்பதற்கு எந்த ஆங்கிலச் சொல் என்று அங்கேதான் எங்கள் ஊர்ச் சங்கத்தில் தகராறு ஆரம்பித்தது. செயலாளர் 'எண்டேஞ்சர்' என்கிறார். அவர் மகன் 'ஜெப்பர்டைஸ்' என்கிறான். தலைவருக்கு 'இம்பெரில்' என்றால்தான் கம்பீரம். எனக்கு 'புட் அட் ரிஸ்க்' போதும் என்று படுகிறது. அகராதியைத் திறந்தால் ஒன்றுக்கு இன்னொன்றைப் பொருளாகப் போட்டு நம்மைச் சுற்றவிடுகிறார்கள்.

இப்போது எழுதியிருக்கும் வரிகளில் இரண்டு: 'தி வொர்க் எண்டேஞ்சர்ஸ் எ லேண்ட்ஸ்லைடு'. 'தி எண்டேஞ்சர்டு பைசன் ஆல்சோ லிவ்ஸ் ஹியர்'. சரியா, தவறா?

(தமிழ் எழுத்து மட்டும்தான் என்பது இந்தத் தளத்தின் விதி என்பதால் ஆங்கிலத்தை இப்படி எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

குகை_குசும்பன் எழுதியது:

தலைவர் சொன்னதையே போடுங்கள். 'இம்பெரில்' என்று படித்ததும் ஏதோ எஸ்டேட் துரை 1890இல் எழுதிய கடிதம் போலிருக்கிறதே என்று நீதிபதி எழுந்து உட்காருவார்.

ஏன் தமிழிலேயே தீர்ப்பாயத்துக்கும் எழுதக் கூடாது?

மலைப்பாதை20 எழுதியது:

அங்கே எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது அண்ணா. வக்கீலும் அப்படித்தான் கேட்டார்.

அஸ்தம்பட்டி_டீச்சர் எழுதியது:

முதல் வரி தவறு. இரண்டாவது வரியில் இலக்கணம் சரி, விஷயத்தை வேறு யாராவது பார்க்கட்டும். முதல் வரியில் இருந்து தொடங்குகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

இந்த வினைச்சொற்களைப் பிரிக்க அகராதி உதவாது. சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். காப்பாற்ற வேண்டிய பொருள் வருகிறதா, வரப்போகும் கேடு வருகிறதா? எண்டேஞ்சர், ஜெப்பர்டைஸ், இம்பெரில் மூன்றுக்கும் பின்னால் காப்பாற்ற வேண்டியதுதான் வரும். உயிர், பிள்ளைகள், ஊற்று, வேலை, பெயர். கேடு ஒருநாளும் வராது. 'எண்டேஞ்சர்ஸ் எ லேண்ட்ஸ்லைடு' என்று எழுதினால், பாவம் அந்த மண்சரிவுக்கு ஏதோ ஆபத்து வந்துவிட்டது என்று ஆகிவிடும்.

ரிஸ்க் மட்டும் இரண்டு பக்கமும் போகும். 'ரிஸ்க்டு ஹிஸ் லைஃப்' என்றாலும் சரி, 'ரிஸ்க்டு டெத்' என்றாலும் சரி. ஒன்றில் உயிர் வருகிறது, இன்னொன்றில் சாவு வருகிறது, சொல்லப்படும் செய்தி ஒன்றுதான். இதனால்தான் நம் பிள்ளைகள் குழம்புகிறார்கள். ரிஸ்க்கில் பழகிய கையோடு எண்டேஞ்சரையும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். இன்னொன்று, ரிஸ்க்குக்குப் பின்னால் வினை வந்தால் 'ரிஸ்க் லூசிங்' என்றுதான் வரும். 'ரிஸ்க் டு லூஸ்' என்று வராது. தேர்வுத்தாளில் இதை விடாமல் கேட்பார்கள்.

அடுத்து, செய்வது யார், மாட்டிக்கொள்வது யார்? சேலத்திலிருந்து மேலே ஏறும் ஒரு பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவில் செல்போன் பேசிக்கொண்டே ஓட்டும் டிரைவர் பயணிகளை எண்டேஞ்சர் செய்கிறார். படியில் தொங்கும் பையன் தன் உயிரை ரிஸ்க் செய்கிறான். அவனைப் பற்றி எழுதும்போது எண்டேஞ்சரும் தவறில்லை. ஆனால் ரிஸ்க் என்று போட்டால் அவன் தெரிந்தேதான் தொங்குகிறான் என்பதும் சேர்ந்து வருகிறது. இதெல்லாம் படம் பிடிக்கப்பட்டால் அந்த டிரைவர் தன் வேலையை ஜெப்பர்டைஸ் செய்துகொள்கிறார். வேலை, பதவி உயர்வு, பேச்சுவார்த்தை, வெற்றி வாய்ப்பு, பர்மிட் போன்ற கண்ணுக்குத் தெரியாதவற்றுக்குத்தான் ஜெப்பர்டைஸ் நன்றாகப் பொருந்தும். ஒரு குழந்தையை ஜெப்பர்டைஸ் செய்தார்கள் என்று யாரும் சாதாரணமாக எழுதுவதில்லை. இம்பெரில் மறுநாள் பேப்பர் தலைப்பில் வரும், அதுவும் ஆங்கிலப் பேப்பரில்.

ஆக, பிள்ளைகளுக்கு எண்டேஞ்சர். ஊற்றுக்கு எண்டேஞ்சரும் போடலாம், புட் அட் ரிஸ்க்கும் போடலாம். புட் அட் ரிஸ்க்கில் ஒரு வசதி இருக்கிறது. 'சீரியஸ் ரிஸ்க்', 'கிரேவ் ரிஸ்க்' என்று அளவைக் கூட்டிக் காட்டலாம். எண்டேஞ்சரில் அளவு காட்ட இடம் குறைவு.

ஜெப்பர்டைஸ் சொல்லின் பிறப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். பழைய பிரெஞ்சில் 'ஜூ பார்ட்டி' என்றால் இரண்டு பக்கமும் சமமாக நிற்கும் ஆட்டம். யார் ஜெயிப்பார் என்று சொல்ல முடியாத நிலை. இடைக்காலத்தில் சதுரங்கப் புதிர்களையே அந்தப் பெயரால் அழைத்திருக்கிறார்கள். இன்றும் அந்த வாசனை சொல்லில் மிச்சமிருக்கிறது. இன்னும் தோற்கவில்லை, ஆனால் தோற்கலாம் என்ற நிலையில்தான் அதைப் பயன்படுத்துகிறோம். 'ஜெப்பர்ட்' என்று குட்டியாக ஒரு வினைச்சொல் முன்பே இருந்தது. 1611 ஆங்கில பைபிளில் அந்த வடிவம்தான் இருக்கிறது. அமெரிக்க அகராதிக்காரர் நோவா வெப்ஸ்டர் 1828இல் 'ஜெப்பர்டைஸ்' புதிதாக வந்த, தேவையில்லாத சொல் என்று ஒதுக்கினார். இன்று தேவையில்லை என்றவர் போய்விட்டார், ஜெப்பர்ட்டும் போய்விட்டது. ஜெப்பர்டைஸ்தான் நிற்கிறது.

குகை_குசும்பன் எழுதியது:

டீச்சர், அப்போ டேஞ்சர் எங்கே இருந்து வந்தது? எங்கள் தெரு டிரான்ஸ்பார்மரில் மண்டையோட்டுக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதால் கேட்கிறேன்.

அஸ்தம்பட்டி_டீச்சர் எழுதியது:

அது ஜமீன்தாரிடம் இருந்து வந்தது என்றே சொல்லலாம். லத்தீனில் 'டோமினஸ்' என்றால் எஜமான். இடைக்கால ஆங்கிலத்தில் ஒருவருடைய டேஞ்சரில் இருக்கிறேன் என்றால் அவர் கைப்பிடியில் இருக்கிறேன், அவர் நினைத்தால் என்னை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று பொருள். பிறகுதான் எஜமான் விலகிப் போய் ஆபத்து மட்டும் தங்கியது. கந்துவட்டிக்காரரிடம் மாட்டியவர்களுக்குப் பழைய பொருளே நன்றாகப் புரியும்.

இம்பெரிலுக்குள் இருக்கும் பெரிலுக்கு வேர் 'சோதித்துப் பார்த்தல்'. எக்ஸ்பெரிமெண்ட், எக்ஸ்பீரியன்ஸ், எக்ஸ்பர்ட் எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். ஆபத்துக்கு இன்னொரு சொல்லான ஹசார்டு முதலில் ஒரு தாய விளையாட்டின் பெயர். அரபியில் தாயக்கட்டையைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது என்று சொல்வார்கள். ரிஸ்க் இவர்களில் கடைக்குட்டி. இத்தாலியில் இருந்து பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில்தான் ஆங்கிலத்துக்குள் வந்தது, வந்ததும் வீட்டையே பிடித்துக்கொண்டது.

சூரமங்கலம்_சர்வேயர் எழுதியது:

டீச்சரம்மா சொன்னது பேச்சு வழக்குக்குச் சரி. நான் இன்சூரன்ஸ் பக்கம் நஷ்டம் மதிப்பிடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தொழிலில் பெரில், ஹசார்டு, ரிஸ்க் மூன்றும் ஒன்றல்ல. மாற்றி எழுதினால் கிளெய்மே போய்விடும்.

ஜவ்வரிசி ஆலையை வைத்துச் சொல்கிறேன், சேலத்துக்காரர்களுக்கு எளிதில் புரியும். தீ, வெள்ளம், இடி, மண்சரிவு இவையெல்லாம் பெரில். நஷ்டத்தை உண்டாக்கும் நிகழ்ச்சிதான் பெரில். அந்த நிகழ்ச்சி நடக்கும் வாய்ப்பை அதிகப்படுத்தும் நிலைமை ஹசார்டு. பாய்லர் பக்கத்தில் காய்ந்த விறகை அடுக்கி வைத்திருப்பது, ஒட்டுப்போட்ட ஒயரிங், கிட்டங்கியின் மூலையில் பழைய சாக்குக் குவியல். ரிஸ்க் என்பது நஷ்டம் வரும் வாய்ப்பு. இதில் ஒரு வேடிக்கை, எங்கள் ஆபீசில் அந்த ஆலையையே ரிஸ்க் என்றுதான் சொல்வோம். 'அந்த ரிஸ்க்கைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்' என்று மேனேஜர் அனுப்பினால், காப்பீடு செய்யப்போகும் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வா என்று அர்த்தம்.

பாலிசியின் பெயரிலேயே பெரில் இருந்தது. 'ஸ்டாண்டர்டு ஃபயர் அண்ட் ஸ்பெஷல் பெரில்ஸ்' என்றுதான் நெடுங்காலம் விற்றோம். 2021 ஏப்ரல் 1 முதல் சிறிய தொழில்களுக்கு 5 கோடி ரூபாய் வரை 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா', 5 கோடிக்கு மேல் 50 கோடி வரை 'பாரத் லகு உத்யம் சுரக்ஷா' என்று வந்துவிட்டன. கப்பல் காப்பீட்டில் 1963ஆம் வருடச் சட்டம் இன்னும் கடல் பெரில்கள் என்றே பேசுகிறது. தலைவர் இம்பெரில் கேட்டது துரைத்தனம் என்று குசும்பன் தம்பி கேலி செய்தார். எங்கள் மேஜையில் அது தினம் புழங்கிய சொல்லின் தம்பிதான்.

உங்கள் மனுவுக்கு இது எப்படிப் பயன்படும் என்றால், சரிவை வெட்டி அப்படியே நிறுத்தி வைத்திருப்பது ஹசார்டு. மண்சரிவு பெரில். பிள்ளைகளுக்கு அடிபடும் வாய்ப்பு ரிஸ்க். இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலக்காமல் தனித்தனியாக எழுதினால், படிக்கிற எஞ்சினியருக்கு நீங்கள் விஷயம் தெரிந்தவர்கள் என்று தெரியும். வெட்டின் உயரம் எவ்வளவு, தடுப்புச்சுவர் உண்டா, மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது என்பதையெல்லாம் ஹசார்டு என்று ஒரு பத்தியில் போடுங்கள். என் அனுபவத்தில், 'ஆபத்து ஆபத்து' என்று பத்துத் தடவை எழுதிய கடிதத்தை விட, வெட்டு எத்தனை அடி என்று ஒரு தடவை எழுதிய கடிதத்தைத்தான் அதிகாரி இரண்டாம் முறை படிப்பார்.

மலைப்பாதை20 எழுதியது:

ஐயா, மிகவும் நன்றி. வெட்டின் உயரத்தை நாங்கள் அளக்கவே இல்லை. நாளை டேப்போடு போகிறோம்.

சூரமங்கலம்_சர்வேயர் எழுதியது:

வெட்டின் அடியில் நின்று அளக்க வேண்டாம் தம்பி. பாதையில் நின்று, ஆளை நிறுத்திப் போட்டோ எடுத்து உயரம் கணக்கிடலாம். மழை பெய்தால் போகவே போகாதீர்கள்.

கொலுசுக்கடை எழுதியது:

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வியாபாரம் எனக்கு. சர்வேயர் ஐயா ரிஸ்க்கைக் கெட்ட சொல்லாகவே சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் ரிஸ்க் இல்லாமல் லாபம் கிடையாது. வெள்ளிக்கட்டியை வாங்கி, பட்டறைகளுக்குக் கொடுத்து, கொலுசாகித் திரும்பி வருவதற்குள் விலை எங்கேயோ போயிருக்கும். அந்த இடைவெளியில் நிற்கும் பணத்துக்குப் பெயர் எக்ஸ்போஷர் என்று பேங்க் மேனேஜர் சொல்லிக் கொடுத்தார். கடன் கொடுக்கும்போது, உங்களிடம் எங்கள் எக்ஸ்போஷர் இவ்வளவு என்பார். எண்டேஞ்சர் என்று எந்த மேனேஜரும் சொல்ல மாட்டார்.

தெரிந்தே இறங்குவதற்கு ஆங்கிலத்தில் வென்ச்சர் என்று தனிச் சொல் இருக்கிறது. அட்வென்ச்சரின் தலையை வெட்டியது. முதலைப் போடுகிறவன் வென்ச்சர் என்கிறான், அவன் பெண்டாட்டி ரிஸ்க் என்கிறாள். இரண்டு பேரும் ஒரே பணத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

வள்ளுவர் இதற்கு அப்போதே கணக்குப் போட்டுவிட்டார்: 'ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடையார்.' வரப்போகும் லாபத்தை நினைத்துக் கையில் இருக்கும் முதலையே தொலைக்கும் காரியத்தில் இறங்க மாட்டார்கள் என்கிறார். லாபத்தைப் பணயம் வை, முதலைப் பணயம் வைக்காதே. எங்கள் அப்பா கடையில் இந்தக் குறளைத்தான் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தார். அதற்குக் கீழேயே உட்கார்ந்து முதலைப் பணயம் வைத்தார் என்பது வேறு கதை.

பேங்க்_தேர்வன் எழுதியது:

அட் ரிஸ்க், அட் ஸ்டேக் இரண்டும் ஒன்றா? நேற்று மாதிரித் தேர்வில் வந்தது. இரண்டையும் ஆபத்தில் என்றுதான் போட்டேன். இந்த இழையில் இருப்பதை ஒரு பட்டியலாகப் போட்டுவிட்டால் மனப்பாடம் செய்துகொள்வேன் டீச்சர்.

அஸ்தம்பட்டி_டீச்சர் எழுதியது:

பட்டியல் போட்டால் பட்டியல்தான் மனதில் நிற்கும், சொல் நிற்காது. வாக்கியமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி.

ஸ்டேக் என்பது மேஜை மேல் வைத்த பணயம். தருமர் நாட்டை வைத்தார், தம்பிகளை வைத்தார், தன்னை வைத்தார், கடைசியில் திரௌபதியை வைத்தார். அவர் வைத்ததெல்லாம் அட் ஸ்டேக். இந்த ஆட்டத்தின் முடிவு எதை நிர்ணயிக்கப்போகிறதோ அது அட் ஸ்டேக். அதில் ஜெயிப்பதற்கும் இடம் உண்டு. தேர்தலில் 234 தொகுதிகள் அட் ஸ்டேக் என்று எழுதலாம், அட் ரிஸ்க் என்று எழுத முடியாது. அட் ரிஸ்க்கில் இழப்பு மட்டும்தான். மழைக்காலத்தில் சரிவுக்குக் கீழே இருக்கும் வீடுகள் அட் ரிஸ்க். அந்த வீடுகள் எந்த ஆட்டத்திலும் இல்லை.

ரன் எ ரிஸ்க், டேக் எ ரிஸ்க் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். டேக் என்றால் யோசித்து எடுத்த முடிவு. ரன் என்றால் யோசித்தாலும் யோசிக்காவிட்டாலும் அந்த வாய்ப்பு உங்கள் தலைமேல் இருக்கிறது.

பிறகு காம்ப்ரமைஸ். நம் ஊரில் இதற்குச் சமரசம் என்ற ஒரே பொருள்தான். பஞ்சாயத்தில் காம்ப்ரமைஸ் ஆகிவிட்டார்கள் என்போம். ஆனால் 'சேஃப்டி வாஸ் காம்ப்ரமைஸ்டு' என்றால் யாரும் யாரோடும் சமாதானம் ஆகவில்லை. பாதுகாப்பில் ஏற்கெனவே ஓட்டை விழுந்துவிட்டது என்று பொருள். பாஸ்வேர்டு காம்ப்ரமைஸ் ஆனது, நோய் எதிர்ப்புச் சக்தி காம்ப்ரமைஸ் ஆனது என்பதும் அப்படித்தான். எண்டேஞ்சர் செய்யப்பட்டது இன்னும் முழுசாக இருக்கலாம். காம்ப்ரமைஸ் ஆனது முழுசாக இல்லை. வினாத்தாளில் நான்கு விடைகளில் இது ஒன்றாக வரும்போது பிள்ளைகள் சமரசம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், பெரும்பாலும் அதுதான் விடையாக இருக்கும்.

ஹசார்டு வினைச்சொல்லாக வந்தால் கிட்டத்தட்ட ஒரே இடம்தான் மிச்சம்: 'ஹசார்டு எ கெஸ்'. தவறாகப் போனாலும் பரவாயில்லை என்று குருட்டாம்போக்கில் ஒன்றைச் சொல்வது.

கோர்ட்டுப்_பக்கம் எழுதியது:

சேலம் கோர்ட்டில் ஜூனியராக இருக்கிறேன். மனுவுக்கு வக்கீல் இருக்கிறார் என்பதால் அவருடைய வேலையில் நான் தலையிடவில்லை. சொற்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எண்டேஞ்சர் நம் குற்றவியல் சட்டத்தின் சொந்தச் சொல். பழைய இந்திய தண்டனைச் சட்டம் 336ஆவது பிரிவில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 125ஆவது பிரிவில் இருக்கிறது. அவசரமாகவோ அலட்சியமாகவோ ஒரு செயலைச் செய்து மனித உயிரையோ பிறருடைய பாதுகாப்பையோ எண்டேஞ்சர் செய்வது குற்றம். யாருக்கும் அடிபட வேண்டும் என்பதுகூட இல்லை, ஆபத்துக்கு உள்ளாக்கியதே போதும். அடிபட்டால் தண்டனை ஏறும். பொதுச்சாலையில் கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவதற்கான 281ஆவது பிரிவிலும் இதே சொல்தான். அதனால் பிள்ளைகளைப் பற்றி எழுதும் வரியில் எண்டேஞ்சர் போட்டால் கோர்ட்டுக்குப் பழகிய சொல்லாக இருக்கும்.

ஜெப்பர்டி என்று எழுதினால் எங்கள் ஆட்களுக்கு வேறொன்று நினைவு வரும். ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டு முறை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்பதை டபுள் ஜெப்பர்டி என்போம். அரசியல் சட்டத்தின் 20(2) அதைச் சொல்கிறது, ஆனால் ஜெப்பர்டி என்ற சொல் அங்கே இல்லை. அது அமெரிக்கர்கள் 1791இல் கொண்டுவந்த ஐந்தாவது திருத்தத்தில் இருந்து எங்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. ஹசார்டு நம் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை ஆலையிலோ சுரங்கத்திலோ வேறு ஹசார்டஸ் வேலையிலோ அமர்த்தக் கூடாது என்கிறது 24ஆவது பிரிவு. போபால் விஷவாயுவுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் ஹசார்டஸ் பிராசஸ் என்று ஓர் அத்தியாயமே சேர்த்தார்கள்.

ஆனால் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு முக்கியமான சொல் இந்த இழையில் இதுவரை வரவே இல்லை. 'த்ரெட்', அதாவது அச்சுறுத்தல். தீர்ப்பாயத்தின் 2010ஆம் வருடச் சட்டம் 20ஆவது பிரிவில் முன்னெச்சரிக்கைக் கொள்கையைப் பின்பற்றச் சொல்கிறது. அந்தக் கொள்கை 1992 ரியோ பிரகடனத்தில் இருக்கிறது. பெரிய அல்லது திரும்பச் சரிசெய்ய முடியாத சேதத்தின் த்ரெட் இருக்குமானால், அறிவியல் ரீதியாக முழு நிச்சயம் இல்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. நம் தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996இல் இதை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது.

உங்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், எதிர்த்தரப்பு முதலில் கேட்கப்போவது, 'சரிவு நடக்கும் என்று நிரூபிக்க முடியுமா?' என்பதுதான். முடியாது. முன்னெச்சரிக்கைக் கொள்கை அந்த இடத்தில்தான் கை கொடுக்கிறது. ஆகவே 'சரிவு நடக்கும்' என்று அடித்து எழுதாதீர்கள். 'லைக்லி டு எண்டேஞ்சர்', அதாவது ஆபத்துக்கு உள்ளாக்கக்கூடும் என்று எழுதுங்கள். ஊற்றைப் பற்றிய பத்தியில் த்ரெட்டும் 'இர்ரிவர்சிபிள்' என்பதும் வரட்டும். மண் மூடி ஊற்றின் கண் அடைந்துவிட்டால் திரும்பத் திறப்பது கடினம் என்பதை ஊர்ப் பெரியவர்கள் பெயரில் வாக்குமூலமாகச் சேர்க்கலாம், வக்கீலைக் கேளுங்கள்.

காட்டெருமை_நண்பன் எழுதியது:

அந்த இரண்டாவது வரிக்கு நான் பதில் சொல்கிறேன். நீங்கள் பைசன் என்பது காட்டெருமை. எண்டேஞ்சர்டு என்று போடாதீர்கள்.

பேச்சில் அழிந்துவரும் உயிர் எல்லாமே எண்டேஞ்சர்டுதான். ஆனால் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் வெளியிடும் சிவப்புப் பட்டியலில் அது ஒரு தனிப் படி. வல்னரபிள், அதற்கு மேலே எண்டேஞ்சர்டு, அதற்கும் மேலே கிரிட்டிக்கலி எண்டேஞ்சர்டு. மூன்றையும் சேர்த்து அழைக்கும் பெயர் த்ரெட்டன்டு. காட்டெருமை இருப்பது வல்னரபிள் படியில். நீங்கள் எண்டேஞ்சர்டு என்று எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் பட்டியலை எடுத்து நீட்டிவிட்டு, இதிலேயே இப்படி என்றால் மற்றதெல்லாம் எப்படி இருக்கும் என்பார். ஒரு சொல்லால் நல்ல மனு நோஞ்சானாகிவிடும்.

அதற்குப் பதில், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்று எழுதுங்கள். அது புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. காப்பித் தோட்டத்துக்குள் அவை வந்துபோகும் தடம் வெட்டின் குறுக்கே இருந்தால் மட்டும் சேருங்கள். இல்லையென்றால் காட்டெருமையை இழுக்கவே வேண்டாம்.

மலைப்பாதை20 எழுதியது:

தடம் வெட்டுக்கு அந்தப் பக்கம்தான், எடுத்துவிடுகிறோம். செயலாளருக்கு எண்டேஞ்சர் கிடைத்தது, எனக்கு ஊற்றில் ரிஸ்க் கிடைத்தது, வக்கீலுக்கு த்ரெட். தலைவருக்குத்தான் இம்பெரில் போச்சு. அவர் இன்னும் விடவில்லை, கடைசிப் பத்தியிலாவது வேண்டும் என்கிறார்.

குகை_குசும்பன் எழுதியது:

அனுப்பும் உறையின் மேல் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பேங்க்_தேர்வன் எழுதியது:

சர்வேயர் ஐயா, இன்னொரு சந்தேகம். ஏற்காட்டில் வண்டி நிறுத்தும் இடத்தில் 'அட் ஓனர்ஸ் ரிஸ்க்' என்று போர்டு. அதுவும் நீங்கள் சொன்ன ரிஸ்க்கா?

சூரமங்கலம்_சர்வேயர் எழுதியது:

அங்கே ரிஸ்க் என்றால் நஷ்டம் யார் தலையில் என்பதுதான். ரயில்வே பார்சலில் இது பழைய சங்கதி. 1989 ரயில்வே சட்டத்திலேயே இரண்டு கட்டணம் உண்டு. ரயில்வே ரிஸ்க் என்று புக் செய்தால் கட்டணம் கூடுதல், பொறுப்பு அவர்களுக்கும். ஓனர்ஸ் ரிஸ்க் என்றால் கட்டணம் குறைவு, ஆனால் சரக்குக்குச் சேதம் வந்தால் ரயில்வேயின் அலட்சியத்தை நாம்தான் நிரூபிக்க வேண்டும். மல்கோவா கூடை போன்ற அழுகும் சரக்கை மலிவான கட்டணத்தில் அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததும் பாதி அழுகிவிட்டது என்று எங்களிடம் வருவார்கள். ரசீதில் ஓனர்ஸ் ரிஸ்க் என்று இருந்தால் அங்கேயே பேச்சு முடிந்துவிடும்.

வண்டி நிறுத்தும் போர்டு வேறு. காசு வாங்கிக்கொண்டு, சாவியையும் வாங்கிக்கொண்டு, போர்டு மாட்டிவிட்டதால் எதற்கும் பொறுப்பில்லை என்று சொல்லிவிட முடியாது. சீட்டை மட்டும் தொலைக்காதீர்கள்.

டாக்ஸி_அடிவாரம் எழுதியது:

இவ்வளவு நேரம் ஹசார்டு பற்றிப் பேசினீர்கள், ஒருவரும் ஹசார்டு லைட்டைச் சொல்லவில்லை. நான் தினம் மேலே கீழே ஓட்டுபவன். பனிமூட்டம் வந்தால் போதும், டூரிஸ்ட் வண்டிகள் நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஊர்ந்து வருவார்கள். கீழே சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் நேராகப் போவதற்கும் அதே நான்கு லைட். அது வண்டி ரிப்பேராகி நடுவழியில் நின்றால், மற்றவர்களுக்கு இங்கே ஒரு தடை இருக்கிறது என்று காட்டத்தான். பெரும்பாலான வண்டிகளில் அதைப் போட்டுவிட்டால் இடது வலது காட்ட முடியாது. 20 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில் நீங்கள் எந்தப் பக்கம் ஒதுங்கப்போகிறீர்கள் என்று பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? பனிக்கு லோ பீமும், இருந்தால் ஃபாக் லைட்டும் போதும். ஹை பீம் போட்டால் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும்.

இன்னொன்று. குறுகலான இடத்தில் மேலே ஏறும் வண்டிக்குத்தான் முதல் உரிமை, இறங்குகிறவன் நின்று வழிவிட வேண்டும். சட்டத்திலேயே இருக்கிறது. ஏற்றத்தில் நின்ற வண்டியைத் திரும்ப எடுப்பது கஷ்டம்.

அஸ்தம்பட்டி_டீச்சர் எழுதியது:

டிரைவர் தம்பி சொன்னது சர்வேயர் ஐயா கொடுத்த பொருளோடு அப்படியே ஒத்துப்போகிறது. நின்றுபோன வண்டிதான் ஹசார்டு, ஓடுகிற வண்டி அல்ல. வகுப்பில் இதையே உதாரணமாகச் சொல்லப்போகிறேன்.

நெறியாளர் எழுதியது:

ஹசார்டு லைட், மலைப்பாதை ஓட்டும் முறை பற்றிய பதிவுகளை வாகனங்கள் பகுதியில் தனி இழையாகத் தொடங்கியிருக்கிறேன், அங்கே தொடருங்கள். மனு பற்றிய கேள்விகள் இருந்தால் இங்கேயே கேட்கலாம். இடத்தையோ உரிமையாளரையோ அடையாளம் காட்டும் படங்களைப் போட வேண்டாம்.